குடலுக்குள் ஒரு காவல்படை
(குடும்ப நலக் கூட்டத்தில் தம்பதியருக்கு ஆற்றிய உரை)

 

களை எடுக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பிலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதக் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். "எம் பேத்திக்கு வர்ற மாசம் பிரசவம். முதல் ரெண்டு நாளு மஞ்சளாக் கெட்டியா வர்ற பாலைப் பீய்ச்சிக் கீழே விடுறதுதான் எங்க வழக்கம். அதுக்குப் பதிலாச் சேனை வைப்போம், சீனித் தண்ணி தொட்டு வைப்போம். எங்க பிள்ளைங்க எல்லாம் வளரலையா? அந்தப் பாலைக் கொடுத்தே ஆகணும்னு நர்ஸம்மா ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாங்க?"

நல்ல கேள்வி. "சர்க்கார் சொல்லுது, செய்யுங்க" என்று பதில் சொல்லி அவரை உட்கார வைத்திருக்கலாம். ஆனால் அது வயதுக்குக் கொடுக்கிற மரியாதை ஆகாது. காரணம் தெரிந்தால்தான் மனசு ஒப்பும். அந்தக் காரணம் குழந்தையின் குடலுக்குள்ளே இருக்கிறது. இன்று அதைத்தான் பேசப் போகிறோம். அந்தப் பேத்தியும் மாப்பிள்ளையும் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம்.

குடல்தான் உடம்பின் பெரிய வாசல்

வெளியில் உள்ள பொருள் நம் உடம்புக்குள் வர எத்தனை வழி இருக்கிறது? தோல் கெட்டியானது; காயம் பட்டால் ஒழிய எதையும் எளிதில் உள்ளே விடாது. குடல் அப்படி இல்லை. தின்ற சோற்றின் சத்தை உள்ளே வாங்குவதே அதன் வேலை. வாசலைச் சாத்தி வைத்தால் பட்டினிதான்.

பெரியவர்களுக்குச் சிறுகுடல் மட்டும் சுமார் 6 மீட்டர், அதாவது 20 அடி நீளம். அதன் உட்புறம் குழாய் மாதிரி வழவழப்பாக இருக்காது. நாற்றங்காலில் பயிர் நெருக்கமாக நிற்பது போலக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரல்கள் அடர்த்தியாக நிற்கும். குடல் முழுவதையும் மடிப்பு நீக்கி விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். ஒரு சின்ன வீட்டின் தரை அளவு!

இவ்வளவு பெரிய பரப்பின் மேல் இருக்கும் உறை எவ்வளவு கனம் தெரியுமா? ஒரே ஒரு செல் கனம். வெங்காயச் சருகைவிட மெல்லியது. அதுவும் தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். 3 முதல் 5 நாளைக்கு ஒருமுறை பழைய உறை போய்ப் புது உறை வந்துவிடும். இந்த மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் சோறு, குழம்பு, தண்ணீர், கோடிக்கணக்கான கிருமிகள். இந்தப் பக்கம் நம்முடைய ரத்தம். அப்படியானால் காவல் எங்கே வேண்டும்? சுவருக்கு அடியிலேயேதான் வேண்டும். இயற்கை அங்கேதான் நிறுத்தியிருக்கிறது. நம் உடம்பில் எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல்களில் பெரும் பகுதி குடலில்தான் இருக்கிறது.

காவலர் பிறக்கும் இடமும் படிக்கும் இடமும்

இந்தக் காவலர்களை வெள்ளணுக்கள் என்கிறோம். குழந்தை பிறந்த பிறகு இவர்களுக்குப் பிறந்த வீடு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. எல்லோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவர் போல் ஒருவர் இருப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் ஏர் பிடிக்கிறான், தம்பி பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆகிறான் அல்லவா? எங்கே போய்ப் படித்தான் என்பதைப் பொறுத்தது அது. இங்கேயும் அப்படித்தான்.

ஒரு கூட்டம் மஜ்ஜையை விட்டு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பிக்குப் போகிறது. அங்கே கண்டிப்பான படிப்பு. நம் சொந்த உடம்பையே தாக்கக்கூடியவன், எதையும் அடையாளம் காணத் தெரியாதவன் எல்லாம் அங்கேயே கழிக்கப்படுகிறான். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தேறி வருகிறவைதான் டி செல்கள். தைமஸ் சுரப்பிக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்பதை 1961-ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி சுண்டெலிகளை வைத்துக் காட்டினார். அதுவரை அது உதவாத சதை என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? கோழி!

கோழி சொன்ன பாடம்

இளங்கோழியின் பின்பக்கம், எச்சம் போகும் வழிக்கு மேலே, குடலோடு ஒட்டினாற்போல ஒரு சின்னப் பை இருக்கும். கோழி முற்ற முற்ற அது சுருங்கிப் போய்விடும். இது எதற்கு என்று நெடுங்காலம் யாருக்கும் புரியவில்லை. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்பவர் குஞ்சுப் பருவத்திலேயே சில கோழிகளுக்கு இந்தப் பையை அறுத்து எடுத்திருந்தார். பின்னர் அந்தக் கோழிகளுக்குக் கிருமி மருந்து ஊசி போட்டபோது, பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. 1956-ல் இந்தச் செய்தி வெளிவந்தது. 1965-ல் மேக்ஸ் கூப்பர் முதலானோர் இரண்டு வகைக் காவலர் உண்டு, தைமஸில் படித்தவர் வேறு, இந்தப் பையில் படித்தவர் வேறு என்று உறுதி செய்தார்கள். அந்தப் பையின் பெயர் பர்சா. அதன் முதல் எழுத்தைக் கொண்டே பி செல் என்று பெயர் வந்தது.

மனிதர்களுக்கு அந்தப் பை கிடையாது. நமக்குப் பி செல்கள் மஜ்ஜையிலேயே ஆரம்பப் படிப்பை முடிக்கின்றன. மேல்படிப்புக்குத்தான் குடலுக்கு வருகின்றன. சிறுகுடல் சுவரில், முக்கியமாக அதன் கடைசிப் பகுதியில், அங்கங்கே திட்டுத் திட்டாகச் சில இடங்கள் உண்டு. 1677-ல் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பேயர் இவற்றை விவரித்து எழுதியதால் பேயர் திட்டுகள் என்று பெயர். இவைதான் குடலின் பள்ளிக்கூடங்கள். திட்டின் கூரையில் உள்ள சில செல்கள் குடலில் போகும் கிருமியைக் கொஞ்சம் மாதிரிக்குப் பிடித்து உள்ளே தள்ளும். உள்ளே இருக்கும் பி செல்கள் அதைப் பார்த்து, "இவன் முகம் இப்படி" என்று படித்துக்கொள்கின்றன.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை

படித்து முடித்த காவலர்கள் குடல் சுவரில் பல வேலைகளில் அமர்கிறார்கள்.

முதலாவது, பெருந்தின்னிச் செல்கள். சுவர் தாண்டி வரும் கிருமியை அப்படியே விழுங்கிவிடும். மற்ற இடங்களில் உள்ள பெருந்தின்னிகள் கிருமியைக் கண்டால் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டும். அந்த இடம் சிவந்து வீங்கும். குடலில் இருக்கும் பெருந்தின்னிகள் பெரும்பாலும் சத்தம் போடாமல் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். இல்லாவிட்டால் நாள் முழுதும் நமக்கு வயிற்றில் ரணம்தான்.

இரண்டாவது, கிளைச் செல்கள். இவை செய்தி கொண்டு போகும் தலையாரி மாதிரி. குடலில் கண்டதை எடுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் போய்த் தகவல் சொல்லும்.

மூன்றாவது, உறைச் செல்களுக்கு இடையிலேயே நுழைந்து உட்கார்ந்திருக்கும் டி செல்கள். சிறுகுடலில் சுமார் பத்து உறைச் செல்லுக்கு ஒன்று வீதம் இருக்கும். கிருமி புகுந்து கெட்டுப்போன உறைச் செல்லைக் கண்டால் உடனே அழித்துவிடும்.

நான்காவது, புழுவுக்கு என்றே ஏற்பட்ட ஈசினோபில் என்னும் செல்கள். புழு பெரிது, விழுங்க முடியாது. ஆகவே இவை அதன் மேல் நச்சுப் பொருளைக் கொட்டித் தாக்கும்.

ஐந்தாவது, மேல்படிப்பு முடித்த பி செல்கள். இவை ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும். இது கிருமியைக் கொல்வதைவிட முக்கியமாக, கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அது குடல் சுவரைப் பற்றாமல் செய்துவிடும். கிருமி மலத்தோடு வெளியே போய்விடும். பெரியவர் ஒருவரின் உடம்பு நாளொன்றுக்குச் சில கிராம் ஐ.ஜி.ஏ. தயாரிக்கிறது. மற்ற எதிர்ப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த அளவு வராது.

ஆறாவது, அடக்கி வைக்கும் டி செல்கள். இவர்களை மறக்கக் கூடாது. நாம் தின்னும் அரிசியும் பருப்பும் முட்டையும் நம் உடம்புக்கு அந்நியப் பொருள்தானே? அதன் மேலும் காவல்படை பாய்ந்தால் என்ன ஆகும்? "இது சோறு, சும்மா இரு" என்று மற்றவர்களை அடக்குவது இவர்கள் வேலை. நம் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளையும் இவர்களே காப்பாற்றுகிறார்கள். 1995-ல் ஜப்பானின் சகாகுச்சி இந்த அடக்கும் செல்களை இனம் காட்டினார். அதற்காக அவருக்கும் அமெரிக்காவின் பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறந்த குழந்தைக்குக் காவல் ஏது?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குப் பேயர் திட்டுகள் உண்டாகிவிடுகின்றன. பள்ளிக்கூடம் கட்டியாயிற்று, ஆனால் பாடம் ஆரம்பமாகவில்லை. ஏனென்றால் படிக்க வேண்டிய கிருமி இன்னும் வரவில்லை. பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் குடலில் ஐ.ஜி.ஏ. சுரக்கும் செல்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதன் பிறகுதான் மெல்லத் தோன்றி, மாதக்கணக்கில் பெருகுகின்றன. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த சுண்டெலிகளைப் பார்த்தபோது, அவற்றின் பேயர் திட்டுகள் சிறுத்தும் ஐ.ஜி.ஏ. செல்கள் மிகக் குறைந்தும் இருந்தன. நல்ல கிருமிகள் குடியேறிய பிறகே அவை வளர்ந்தன.

அப்படியானால் பிறந்த குழந்தை அந்த இடைக்காலத்தில் என்ன செய்யும்? வாசல் திறந்திருக்கிறது. காவலுக்கு ஆள் இல்லை. அந்தச் சமயத்துக்குத்தான் தாய் தன் காவலை அனுப்புகிறாள்.

எப்படி அனுப்புகிறாள்? கேளுங்கள், இதுதான் அதிசயம். தாயின் குடலில் படித்த பி செல்களில் ஒரு பகுதி, பிரசவ காலம் நெருங்கும்போதும் பால் கொடுக்கும் காலத்திலும் ரத்தத்தின் வழியே புறப்பட்டு மார்புக்குப் போகின்றன. அங்கே தங்கி ஐ.ஜி.ஏ. சுரக்கின்றன. அது பாலோடு குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. தாயின் குடல் எந்தக் கிருமியைப் பார்த்திருக்கிறது? உங்கள் வீட்டுத் தண்ணீரில், உங்கள் தெருவில், உங்கள் மாட்டுக் கொட்டகையில் இருக்கும் கிருமியை. அதே வீட்டுக்குத்தானே குழந்தையும் வரப் போகிறது! இந்த ஊருக்கு என்றே படித்த காவல், பாலில் வருகிறது. கடையில் விற்கும் பால் பவுடர் டப்பாவில் இது கிடையாது.

இந்த ஐ.ஜி.ஏ. மிக அதிகமாக இருப்பது எந்தப் பாலில்? முதல் இரண்டு மூன்று நாளில் வரும் சீம்பாலில்தான்! அளவு கொஞ்சம்தான் வரும். அதனால் "பால் ஊறலை" என்று பயப்பட வேண்டாம். பிறந்த குழந்தையின் வயிறும் கொஞ்சம்தான். மாடு கன்று போட்டால் கன்றுக்குச் சீம்பால் ஊட்டாமல் விடுவோமா? விட்டால் கன்று தேறாது என்று நமக்குத் தெரியும். மாட்டுக்குத் தெரிந்து செய்கிறோம். மகளுக்குச் செய்ய மறுக்கிறோம்.

தாய்ப்பாலில் இன்னொரு பொருளும் உண்டு. குழந்தையால் ஜீரணிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை. ஜீரணிக்க முடியாததை ஏன் கொடுக்க வேண்டும்? அது குழந்தைக்கு அல்ல, குடலில் குடியேறும் நல்ல கிருமிகளுக்குத் தீனி. அந்த நல்ல கிருமிகளைப் பார்த்துத்தான் குழந்தையின் சொந்தக் காவல்படை பாடம் படிக்கிறது.

"எங்க பிள்ளைங்க வளரலையா?" என்று பாட்டி கேட்டார்கள். வளர்ந்தார்கள், உண்மை. கூட்டம் முடிந்த பிறகு அவர்களே என்னிடம் வந்து சொன்னார்கள்: "ஏழு பெத்தேன், நாலு தங்குச்சு. ஒண்ணு நாப்பதாம் நாளு பேதியிலே போச்சு." சீம்பாலைக் கொடுக்காததால்தான் அந்தக் குழந்தை போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இன்று சொல்ல ஆளிருக்கிறது. தெரிந்த பிறகும் கீழே கொட்டலாமா என்பதுதான் கேள்வி.

என்ன செய்ய வேண்டும்?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடுங்கள். அறுவைப் பிரசவமானாலும் முடிந்தவரை சீக்கிரம் போடச் சொல்லிக் கேளுங்கள். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே. சேனை, சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், விளக்கெண்ணெய், வசம்பு எதுவும் வேண்டாம்; வெறும் தண்ணீர்கூட வேண்டாம். டாக்டர் சொன்ன மருந்து மட்டும் விலக்கு. 6 மாதம் முடிந்ததும் பிசைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று ஆரம்பித்து, தாய்ப்பாலையும் 2 வயது வரை தொடருங்கள்.

கீரை என்றேன். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் இவற்றிலிருந்து வைட்டமின் ஏ சத்து கிடைக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று தெரியும். காவல் செல்களுக்கு "நீ குடலுக்குப் போ" என்று விலாசம் எழுதிக் கொடுப்பதும் இந்தச் சத்திலிருந்து வரும் பொருள்தான் என்று 2004-ல் ஜப்பானில் சுண்டெலிகளில் கண்டார்கள். ஆகவே 9-வது மாதத்திலிருந்து நர்ஸம்மா கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள்.

சொட்டு மருந்து ஏன் வாய் வழியாகக் கொடுக்கிறோம்? குடலின் பள்ளிக்கூடத்துக்கு நேரே பாடம் அனுப்பத்தான். போலியோ சொட்டு மருந்து பிறந்தவுடனும், 6, 10, 14-வது வாரங்களிலும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கான மருந்து 6, 10, 14-வது வாரங்களில். 1972-லேயே வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் ஓர் உண்மையைக் கண்டார். போலியோ சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகளுக்குக் குளிர்நாட்டுக் குழந்தைகளைவிடக் குறைவாகவே பலன் தந்தது. ஆகவேதான் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். அலுக்காமல் கொடுத்தோம். 2011 ஜனவரியோடு இந்தியாவில் இயற்கையான போலியோ நின்றது. 2014-ல் சான்றிதழும் வந்தது. "எத்தனை தடவைதான் சொட்டு மருந்து?" என்று இனி யாரும் சலித்துக்கொள்ளாதீர்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை

ஐயா, தம்பி, "இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்" என்று பீடி பற்ற வைக்க வெளியே போகாதீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது.

குழந்தை தவழும் இடத்தில் மலமும் ஈயும் இருந்தால், அதன் குடல் காவல்படை ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். ஓயாத சண்டையில் சுவரே சேதமாகும். நாற்றுப் போல நின்ற விரல்கள் மழுங்கிப் போகும். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வெளியே பேதிகூட இருக்காது. ஆனாலும் பிள்ளை வளராது. "நல்லாத்தான் திங்குது, தேற மாட்டேங்குது" என்று சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே வீட்டில் கக்கூஸ் கட்டி, கட்டியதைப் பயன்படுத்துங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள். கொடுக்கிற பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடச் செய்யுங்கள்.

பிள்ளைக்கு வயிற்றாலே போனால் மருந்துக் கடைக்கு ஓடி "ஏதாச்சும் ஆன்டிபயாடிக் கொடு" என்று கேட்காதீர்கள். அது நல்ல கிருமியையும் சேர்த்து அழிக்கும். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நர்ஸம்மா தரும் துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். கண் குழி விழுந்தாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

கடைசியாக, அடுத்த குழந்தை. ஒரு பிள்ளை 2 வயது வரை பால் குடிக்க வேண்டும் என்றால் அதுவரை இன்னொரு கர்ப்பம் வரக் கூடாது. 3 வருஷ இடைவெளி இருந்தால் தாய்க்கும் நல்லது, இரண்டு பிள்ளைக்கும் நல்லது. "பால் கொடுக்கிறேன், கர்ப்பம் தங்காது" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல், 6 மாதமும் முடியாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு பாதுகாப்பு வேண்டும். காப்பர்-டி போட்டால் பால் குறையாது. ஆணுறை கணவன் கையில் இருக்கிறது. எது உங்களுக்கு ஏற்றது என்று இருவரும் சேர்ந்து நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

பாட்டியம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்கள் பேத்தியின் குடலில் இன்று ஒரு காவல்படை படித்துக்கொண்டிருக்கிறது. பிரசவமானதும் அதில் ஒரு பங்கு மஞ்சள் பாலாக வரும். அது உங்கள் கொள்ளுப்பேரனுக்கோ பேத்திக்கோ தாய் எழுதி வைக்கிற முதல் சொத்து. அதைத் தரையில் விடாமல், பிள்ளை வாயில் விடச் சொல்லுங்கள். வீட்டில் மூத்தவர் நீங்கள். நாங்கள் பத்துத் தடவை சொல்வதும் நீங்கள் ஒரு தடவை சொல்வதும் சமம்.



(படித்தபின் இதைப் பக்கத்து வீட்டுத் தம்பதியருக்கும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.)